சொல்லுக்கு இடம்விட்ட மெட்டு
ஏ. எம். ராஜாவின் இசையமைப்பு குறித்து

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1950களின் பிற்பகுதியை ஒரு திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். செவ்வியல் இராகங்களை விரித்துப் பாடிய பாடல்கள் குறைந்து, மெல்லிசை என்று நாம் வழங்கும் வடிவம் நிலைபெற்ற காலம் அது. அம்மாற்றத்தின் பெருமை விசுவநாதன்–இராமமூர்த்தி இரட்டையரைச் சார்வது முறையே. ஆயினும் அதே காலத்தில், அதே திசையில், தமக்கென ஒரு தடம் பதித்து நடந்தவர் ஏ. எம். ராஜா. அவரை இனிய பாடகர் என்று போற்றும் நாம், இசையமைப்பாளர் என்ற முறையில் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அவர் இசையமைத்த படங்கள் சிலவே. அச்சிலவற்றில் கவிதை எழுதுவோர் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

ராஜா 1929இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவர். 1951இல் ஜெமினி நிறுவனத்தின் 'சம்சாரம்' அவர் குரலைத் தமிழகத்திற்கு அறிமுகம் செய்தது. நாடக மேடையில் கடைசி வரிசை வரை எட்டப் பாடிய உரத்த குரல்களின் செல்வாக்கு அன்று முற்றும் நீங்கியிருக்கவில்லை. ஒலிவாங்கியின் முன் அவ்வளவு உரக்கப் பாட வேண்டியதில்லை என்பதை நன்குணர்ந்தவர்களுள் ராஜா ஒருவர். அருகில் இருப்பவரிடம் பேசுவதுபோல் அவர் பாடினார். 'மிஸ்ஸியம்மா' (1955) முதலிய படங்களில் ஜெமினி கணேசனின் காதல் முகத்திற்கு அக்குரல் பொருந்தி நின்றதை இரசிகர் அறிவர். உடன் பாடிய ஜிக்கியே பின்னர் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார்.

பாடகரின் இந்த அனுபவமே இசையமைப்பாளரை உருவாக்கிற்று. 1958இல் 'சோபா' என்னும் தெலுங்குப் படத்திற்கு இசையமைத்தார். மறு ஆண்டு, 1959இல், இயக்குநர் ஸ்ரீதரின் முதற் படமான 'கல்யாண பரிசு' வெளிவந்தது. பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துடையவை. தஞ்சைத் தரணியின் நாட்டுப்புறச் சந்தத்தில் ஊறிய கவிஞரும் சித்தூரிலிருந்து வந்த இசையமைப்பாளரும் இணைந்த இணைப்பு அது. இந்தித் திரைமெட்டுகளை எடுத்து அவற்றிற்குத் தமிழ்ச் சொல் பெய்யும் வழக்கம் பரவியிருந்த நாளில், தமிழின் பேச்சோசைக்கு ஏற்ப மெட்டுகள் அங்கே பிறந்தன.

அம்மெட்டுகளின் இயல்பு யாது? அவை பெரும்பாலும் குறுகிய சுர எல்லைக்குள் இயங்குகின்றன. சுரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் படிப்படியாய் ஏறி இறங்குகின்றன. கமகங்கள் அளவோடு நிற்கின்றன. ஓர் அசை தேவையின்றி நீள்வதில்லை. ஒரு சொல் இடையில் முறிவதில்லை. மூச்சு வாங்கும் இடமும் பொருள் முடியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. இது பாடத் தெரிந்தவர் போட்ட கணக்கு. இசைப் பயிற்சி இல்லாதவரும் அப்பாடல்களைத் தடுமாறாமல் முணுமுணுக்க முடிந்ததன் காரணம் இதுவே.

அப்படத்தின் தீபாவளிப் பாடலைச் சான்றாகக் கொள்வோம். பி. சுசீலாவின் குரலில் அது விழாக்களிப்போடு ஒலிக்கிறது. பின்னர் அதே மெட்டை, சொற்கள் மாறிய நிலையில், காதலை இழந்தவனின் புலம்பலாக ராஜா பாடுகிறார். புதிய இராகம் தேடப்படவில்லை. நடை மட்டும் தளர்கிறது, குரல் தாழ்கிறது. முன்பு மத்தாப்பாய்ச் சிதறிய இசை இப்போது சாம்பலாய் அடங்குகிறது. சொல்லும் குரலும் தம் வேலையைச் செய்வதற்கு மெட்டு இடம் விட்டிருந்தமையாலேயே இது கைகூடிற்று. மெட்டே எல்லா உணர்ச்சியையும் முன்கூட்டிச் சொல்லியிருப்பின், இரண்டாம் பாடல் தோன்ற வழியிருந்திராது.

அதே படத்தில் மிதிவண்டியில் செல்லும் காதலரின் பாடல், ஒருவரையொருவர் சீண்டும் உரையாடலாகவே அமைந்தது. இசையின் ஆற்றலை வியக்கும் பாடலை ஜிக்கியின் குரல் ஏந்திற்று. அவ்வாண்டு அக்டோபரில் பட்டுக்கோட்டையார் முப்பது வயதை எட்டுமுன் மறைந்தார். இவ்விருவர் கூட்டு நீண்டிருந்தால் மெல்லிசைப் பாடல் இன்னும் எத்தனை எளிய செல்வங்களைப் பெற்றிருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

'விடிவெள்ளி' (1960), 'தேன் நிலவு' (1961), 'ஆடிப்பெருக்கு' (1962) ஆகியவை தொடர்ந்தன. காசுமீரத்தில் படமாக்கப்பட்ட 'தேன் நிலவி'ல் கண்ணதாசனின் வரிகளுக்கு மேனாட்டு நடையின் துள்ளலையும் ராஜா சேர்த்தார். அங்கும் சொல் தெளிவு குறையவில்லை. 'ஆடிப்பெருக்கி'ல் தனிமையைப் பற்றிய வினாவோடு தொடங்கும் இணைப்பாடல், வினவும் குரலின் ஏற்ற இறக்கத்தையே மெட்டாகக் கொண்டது. 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' விசுவநாதன்–இராமமூர்த்தியின் இசையில் வெளிவந்தது. அதன்பின் ராஜாவுக்கு வாய்ப்புகள் அருகின. 1973இல் 'வீட்டு மாப்பிள்ளை'க்கு இசையமைத்தார். 1989 ஏப்ரலில், கச்சேரி ஒன்றிற்காகத் தெற்கே சென்ற பயணத்தில், வள்ளியூர் இரயில் நிலையத்தில் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார்.

எளிமை என்பது ஆழமின்மை என்று கருதுவோர் உளர். அவர்களுக்கு நம் சிறுமலை வாழையைக் காட்டலாம். உருவில் சிறியது, தோற்றத்தில் பகட்டற்றது. ஆயினும் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு அதன் சுவை வேண்டப்படுகிறது. நீர் குறைந்த கெட்டியான சதையே அதன் இனிப்பிற்கும் நாட்பட நிற்கும் தன்மைக்கும் காரணம். ராஜாவின் மெட்டிலும் வேண்டாத நீர் இல்லை.

திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களுக்கு இப்பாடல்களைக் கொண்டு சேர்த்தவை கூடாரக் கொட்டகையும் திருமண வீட்டு ஒலிபெருக்கியும் இலங்கை வானொலியுமே. நெசவுத் தறியோசையும் சந்தை இரைச்சலும் சூழ்ந்த இடங்களில், திரைக்கதை அறியாதவர் செவியிலும் அப்பாடல்களின் வரிகள் முழுமையாகச் சென்று தங்கின. ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய நன்மையை இசையமைப்பாளர் எவரும் செய்துவிட இயலாது.

நம் வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேசி வருகிறது. உவமையை அடுக்கிய கவிதை முதற் கேள்வியில் கைதட்டல் பெறுவதையும், சொல்லைச் சுருக்கிய கவிதை சில நாள் கழித்து நினைவில் எழுவதையும் நம் அரங்குகளில் கண்டிருக்கிறோம். தமக்குத் தெரிந்த வித்தை அனைத்தையும் ஒரே பாட்டில் காட்டாத அடக்கம் ராஜாவிடம் இருந்தது. அவ்வடக்கத்தால் பிறருடைய சொல் வாழ்ந்தது. அச்சொல்லோடு அவர் மெட்டும் வாழ்கிறது.