கற்பனை உயிரினங்களும் இயற்கை வரலாறும்

1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் யப்பானில் வெளிவந்த ‘போக்கெமொன்’ என்னும் கணினி விளையாட்டில் 151 கற்பனை உயிரினங்கள் இடம்பெற்றன. அவற்றைத் தேடிப் பிடித்தலும், பிறருடன் மாற்றிக்கொள்ளலும், பட்டியலிற் பதிந்து நிறைவுசெய்தலும் ஆடுவோரின் பணி. போர்களும் உண்டெனினும் பட்டியலே அதன் உயிர்நாடி. அப்பட்டியல் எம்மரபில் வந்தது என்பது ஆராயத்தக்கது.

விளையாட்டை ஆக்கிய சதோசி தஜிரி 1965இற் பிறந்து, தோக்கியோவின் புறத்தேயுள்ள மச்சிடாவில் வளர்ந்தவர். வண்டு பிடித்துத் திரிந்த அவரது இளமைக்கால வெளிகள் நகர்ப் பெருக்கத்தால் மறைந்தன. பூச்சி தேடும் இன்பத்தை நகரச் சிறுவர்க்கு அளிக்கும் எண்ணமே தமக்கு வித்தாயிற்று என அவரே கூறியுள்ளார். ஆயின் இதனைத் தனியொருவரின் ஏக்கமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தொரியமா செகியென் என்னும் ஓவியர் 1776இலேயே பேய்பூதங்களை வகைவகையாகப் படமும் பெயரும் இட்டு நூலாக வெளியிட்டார். அவர்தம் மாணாக்கர் உத்தமாரோ 1788இற் பூச்சிகளை வரைந்து வெளியிட்ட நூலுக்குப் பின்னுரை எழுதியவரும் செகியெனே. தும்பியை நூலிற் கட்டி விளையாடிய சிறுவனாக உத்தமாரோவை அதில் அவர் நினைவுகூர்ந்தார். பூதப் பட்டியலும் பூச்சிப் படநூலும் ஒரே ஆசிரிய மாணாக்கர் வழியிற் பிறந்தமை நோக்கற்பாலது.

1996இன் உயிரினங்களுட் சில உயிரியலறிவுடன் புனையப்பட்டவை. ‘பராஸ்’ என்பது மரவேரை உறிஞ்சும் பூச்சி. அதன் முதுகிலுள்ள காளான்கள் அதனுடலிலிருந்தே ஊட்டம் பெறுகின்றன. முதிர்ந்த நிலையிற் காளானே பூச்சியை ஆட்கொள்கிறது. மண்ணுள் வேர்ச்சாறு உண்ணும் சில்வண்டின் இளம்பருவத்தைத் தாக்கி, அதனுடலினின்றும் முளைக்கும் பங்கசு இனங்கள் உண்மையிலேயே உள்ளன. ‘மாரியிற் பூச்சி, கோடையிற் புல்’ எனப் பொருள்படும் பெயரால் இத்தகைய பங்கசுகளைக் கீழைத்தேய மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. விளையாட்டும் அப்பெயரையே கையாண்டது.

ஆனால் அடிப்படையான வழுவொன்றும் உண்டு. புழு கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாதலை விளையாட்டு ‘கூர்ப்பு’ என்கிறது. டார்வினின் கொள்கைக்கு யப்பானிய மொழியில் வழங்கும் ‘சிங்கா’ என்ற சொல்லே அங்கு ஆளப்பட்டது. உண்மையில் அஃது உருமாற்றம். கூர்ப்பு குடித்தொகையில் தலைமுறை தலைமுறையாக நிகழ்வது, தனியனொன்று கூர்ப்படைவதில்லை. இதனைச் சொற்குற்றமென்று தள்ளிவிடல் இயலாது. கூர்ப்பு ஒரு தனியனின் வெற்றியாகச் சுருங்கும்போது, அதனை இயக்கும் இறப்பும் இனவழிவும் பார்வையினின்றும் மறைகின்றன. அவ்விளையாட்டில் அழிந்த இனங்களும் உயிர்ச்சுவட்டிலிருந்து ஆய்வுகூடத்தில் மீட்கப்பட்டன!

கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பம்ஃபோட்டும் பிறரும் 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வுலகின் செல்வாக்கைக் காட்டிற்று. 4 முதல் 11 வயது வரையான பிரித்தானியச் சிறுவரிடம் படங்கள் காட்டப்பட்டன. எட்டு வயதினர் கற்பனை இனங்களில் ஏறக்குறைய 80 வீதத்தை இனங்கண்டனர். நாட்டிற் பொதுவாகக் காணப்படும் உயிரினங்களில் ஏறக்குறையப் பாதியையே அறிந்திருந்தனர். சிறுவரின் கற்கும் ஆற்றலிற் குறைவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

பிற்காலத்தில் அழிவு அப்பட்டியலுள்ளும் புகுந்தது. 1999இற் சேர்ந்த ‘கோர்சோலா’ இளஞ்சிவப்பு முருகைக்கல் வடிவினது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்பு முருகைக்கற்பார் கடல் வெப்பத்தால் வெளிறியது. 2019இல் வெளிவந்த விளையாட்டிலோ கோர்சோலாவின் வெண்ணிற வடிவமொன்று தோன்றிற்று. திடீர்க் காலநிலை மாற்றத்தால் முன்னொருகால் அழிந்த இனம் என்பது அதற்குரிய குறிப்பு. அஃது ஆவி வகையிற் சேர்க்கப்பட்டது.