கொசு மீது விழுந்த பழி

கொசுவால் பரவும் நோய்களைப் பற்றிப் பேசும் இன்றைய அங்கத்தில், கொசு மீது தவறாகப் பழி விழுந்த ஒரு சம்பவத்தை நேயர்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன்.

1998 செப்டம்பரில், ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் கடும் காய்ச்சலிலும் மயக்கத்திலும் விழுந்தார்கள். ஜே.இ. எனப்படும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதப்பட்டது. அதற்குக் காரணமும் உண்டு. ஜே.இ. கிருமி பன்றியின் உடலில் பெருகும். கொசு அதை மனிதனிடம் கொண்டு வரும். சில நோயாளிகளின் இரத்தத்திலும் அதன் அடையாளம் தெரிந்தது. ஆகவே கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோய் நிற்கவில்லை. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நேரடியாக வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. பன்றிகளும் இருமி நோயுற்றன. ஆனால் நோய்ப் பன்றிகள் லாரி ஏறித் தெற்கே போயின. நெகிரி செம்பிலானின் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக், பிறகு சிங்கப்பூர் என நோயும் கூடவே சென்றது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டனர். 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேர் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

கிருமி எங்கிருந்து வந்தது? தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்துப் போட்ட பழத்திலும் அது கிடைத்தது. ஈப்போவில் முதலில் நோய் கண்ட பண்ணையில் 30,000 பன்றிகளுக்கு மேல் இருந்தன. கொட்டகைகளை ஒட்டி மாமரங்களும் இருந்தன. வௌவால் தின்று சிந்தியது பன்றியின் வாய்க்குப் போனது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அப்படியானால் குற்றவாளி வௌவாலா? அது காலங்காலமாகப் பழம் தின்னும் பிராணி. காட்டை அழித்தவர்கள் நாம். பழ மரத்தையும் பன்றிக் கொட்டகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களும் நாமே.

அடுத்த முறை புதிய காய்ச்சல் வந்தால் புகை அடிப்போம், தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாமல், யார் விழுகிறார்கள், என்ன வேலை செய்தார்கள், அவர்களைச் சுற்றி எது மாறியது என்றும் கேட்போம். அந்தக் கேள்விகளுக்கு முன்பே விடை தேடியிருந்தால், அந்த 105 பேரில் சிலராவது இன்று நம்மோடு இருந்திருக்கலாம்.