பேய் இல்லை, சாபம் இல்லை: மனச்சிதைவும் நம்ம கடலோரக் கிராமங்களும்

1/
லீவு கிடைச்சா ஈசிஆர்ல மாமல்லபுரம் போறோம். கடற்கரைக் கோயில், மீன் வறுவல், நாலு செல்ஃபி, திரும்பிடறோம். அந்தப் பக்கத்துக் கிராமங்கள் மனநல மருத்துவத்துக்கு ஒரு பெரிய பாடம் சொல்லியிருக்கு. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதலில் நோய். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்கும்.

யாருமில்லாத அறையில் குரல் கேட்கும். "சோத்துல விஷம் வச்சிருக்காங்க" என்று உறுதியாக நம்புவார். பேச்சு கோர்வையாக இருக்காது.

இதெல்லாம் சட்டென்று கண்ணில் படும். நாம கோட்டை விடுறது இன்னொரு பக்கத்தை. குளிக்க மாட்டார். வேலைக்குப் போக மாட்டார். முகத்தில் சிரிப்பும் இருக்காது, அழுகையும் இருக்காது. வீட்ல "சோம்பேறி"னு திட்டுவாங்க. அதுவும் நோயின் அறிகுறிதாங்க.

இன்னொண்ணு: 'அந்நியன்' படத்துல வர்ற மாதிரி ஒருத்தருக்குள்ள மூணு ஆள் இருக்கறது வேற விஷயம். அது மனச்சிதைவு கிடையாது.

3/
ஏன் வருது? இதற்கான பதிலில் நம்ம நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்கு உண்டு.

1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் உதவுவதாக எழுதினார்கள். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டு பாரிஸில் குளோர்ப்ரோமசின் மருந்து மனநோயாளிகளிடம் நல்ல பலன் காட்டியது.

சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின! மூளையில் டோபமைனின் வேலை என்ன என்பது இப்படித்தான் தெரிய வந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு.

4/
எளிமையா சொல்றேன். "இது முக்கியம், கவனி" என்று மூளைக்குச் சொல்லும் ரசாயனம் டோபமைன். மூளையின் சில பகுதிகளில் அது மிகுந்தால், தெருவில் யாரோ இருமினாலும் அது தனக்கான சைகையாகத் தோன்றும். நாம் தரும் மாத்திரைகள் பெரும்பாலும் அந்த டோபமைனின் வேகத்தைத்தான் தடுக்கின்றன.

மரபணுவுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவுதான். பிரசவச் சிக்கல், இளவயதுக் கஞ்சா போன்றவையும் ஆபத்தைக் கூட்டும். அதனால "வளர்ப்பு சரியில்லை"னு அம்மா மேல பழி போடாதீங்க, ப்ளீஸ்.

5/
இனி நம்ம ஊர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1871 முதல் இருக்கிறது. 1961-ல் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். பூட்டி வைக்கும் இடம் என்ற நிலையை மாற்றப் பாடுபட்டவர். ஓய்வுக்குப் பிறகு 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

1981-82-ல் சென்னையில் நோய் புதிதாகத் தொடங்கிய 90 பேரைத் தேர்ந்தெடுத்து, டாக்டர் தாராவும் குழுவினரும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து, இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் மிகச் சிலரே. பலர் வேலை, குடும்பம் என்று வாழ்ந்தார்கள். "வந்தா போச்சு" என்ற பேச்சுக்கு இதுதான் பதில்.

6/
சரி, மருந்து இருக்கு. ஆனா கிராமத்துல இருக்கறவர் தினக்கூலியை விட்டுட்டு மாசாமாசம் பஸ் ஏறி வரணுமே?

இதற்கு விடை தேடிய ஆய்வுதான் காப்சி. 2009, 2010-ல் கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஆகிய மூன்று இடங்களில் 282 பேரைச் சேர்த்தார்கள். (2019-ல் அந்த மாவட்டத்திலிருந்து பிரிந்ததுதான் செங்கல்பட்டு.) 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை. 187 பேருக்கு அதோடு இன்னொன்றும்: பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடி வருவார். மாத்திரை, குளியல், வேலை, குடும்பத்தின் குழப்பம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுவார்.

7/
2014-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் முன்னேற்றம் மிதமானதே. ஆனால் நோயின் அறிகுறியும் இயலாமையும் தெளிவாகக் குறைந்தது நம்ம தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான். கதவைத் தட்ட ஒரு ஆள் வந்ததற்கே அவ்வளவு பலன்!

குறையாத ஒன்றும் உண்டு. நோயாளி அனுபவிக்கும் அவமானமும் ஒதுக்கலும். மாத்திரையும் பணியாளரும் சேர்ந்தும் அதை மாற்ற முடியவில்லை. ஏன்னா அது நோயாளி மூளையில இல்லை, பக்கத்து வீட்டுல இருக்கு. நம்மகிட்ட இருக்கு.

8/
அதையும் மாற்றலாம் என்று காட்டும் ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் கோவளம். 1993-ல் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, வருடக்கணக்கில் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராக ஊருக்குள் வாடகை வீட்டில் குடியமர்த்தியது. சமையல், சந்தை, கோயில், அக்கம்பக்கத்துப் பேச்சு. வீடு கொடுத்தவங்களும் நம்மள மாதிரி சாதாரண மனுஷங்கதான்.

9/
கடைசியா மூணு விஷயம்.

குரல் கேட்குதுன்னு யாராவது சொன்னா மந்திரிக்க அலையாதீங்க. மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

"நல்லாயிட்டேன்"னு மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

எங்கே கேட்பதுன்னு தெரியலையா? டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

உங்க தெருவிலும் அப்படி ஒருத்தர் இருக்கலாம். நாளைக்குப் பார்த்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்டீங்களா?"னு கேளுங்க. அதுவும் வைத்தியம்தான்.