கழித்த மணிகள் சொல்லும் கதை



தெமியாங்கிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் தாய்மார்கள் பாசிமணி வாங்கிய அனுபவம் உடையவர்கள். ஒரே நிறமும் ஒரே அளவும் உள்ள மணிக்கு ஒரு விலை. விற்று மீந்த பல நிற மணிகளைக் கலந்து கட்டிய பொட்டலத்திற்கு மலிவு விலை. மீந்தது மட்டம் என்பது வணிகர் கணக்கு. வரலாற்று ஆய்வாளருக்கோ கழிவுதான் முதல்தரச் சரக்கு. எப்படி என்று காண்போம்.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு நிறங்களில் சிறு கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. இத்தகைய மணிகள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் ஜப்பான் வரை பரவியவை. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றை 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று அழைத்தார்.

இம்மணிகளைச் செய்யும் முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை வழங்கிவந்தது. உருகிய கண்ணாடித் திரளில் துளை செய்து, அதை மெல்லிய நீண்ட குழாயாக இழுப்பார்கள். குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாமலிருக்கச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவார்கள். கூரிய விளிம்புகள் மழுங்கி மணி உருவாகும். ஒவ்வொரு கட்டத்திலும் கழிவு சேரும்: உடைந்த குழாய்கள், கோணலாக வெட்டுண்ட துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிய மணிகள்.

நல்ல மணி கப்பலேறிப் போய்விடும். ஒட்டிப்போன மணியை எந்த வணிகன் கடல் கடந்து சுமப்பான்? ஆகவே நல்ல மணி கிடைக்கும் இடம் வாங்கியவர் ஊராகவும் இருக்கலாம். கழிவு குவிந்த இடமோ செய்தவர் ஊர்.

இந்தக் கழிவு நம் மலேசியாவிலும் கிடைத்தது. பேராக்கின் சதுப்புக் கரையிலுள்ள கோலா செலின்சிங்கில் ஐவர் எவன்ஸ் 1920களிலும் 30களிலும் தோண்டினார். மணிகளோடு, அங்கேயே மணி செய்யப்பட்டதற்கான சான்றுகளும் வெளிப்பட்டன. இந்திய எழுத்தில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த செம்மணி முத்திரை ஒன்றும் கிடைத்தது. கெடாவின் சுங்கை மாஸும் மணி செய்த இடமே.

அப்படியானால் அரிக்கமேட்டுத் தொழிலாளரே இங்கு வந்து உலை மூட்டினார்களா? பிரான்சிஸ் அவ்வாறே கருதினார். பின்னாளில் நடந்த வேதியியல் சோதனைகளோ இம்மணிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிக் கலவைகள் இருப்பதைக் காட்டின. எனவே எல்லாவற்றையும் ஒரே ஊரின் கைவேலை என்று சொல்வதற்கில்லை. கைத்திறன் கடல் கடந்தது; அதை யார் கை ஏந்திவந்தது என்பதை மணி மட்டும் சொல்லிவிடாது.

நேயர்களே, நம் பாட்டன்மார் ரப்பர் தோட்டத்திற்கு வந்த கதையோடுதான் இரு கரைகளின் உறவு தொடங்கியது என்று நம் பிள்ளைகள் எண்ணுவதுண்டு. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே வகை மணி கோக்கப்பட்டது. அடுத்த முறை மலிவுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, ஒட்டிய மணி ஒன்றைப் பிள்ளைகளிடம் காட்டி இதைச் சொல்லுங்கள்.