தீவாக்கப்பட்ட தீபகற்பம்



வட அமெரிக்கக் கண்டத்தின் தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். அக்கண்டத்தின் மேற்குக் கரையில், மெக்சிகோ நாட்டின் ஓரமாக, மெலிந்த நீண்ட விரல் போன்ற நிலப்பகுதி ஒன்று தென்கிழக்கு நோக்கி நீண்டு கிடப்பதைக் காண்பீர்கள். அதன் பெயர் பாஹா கலிபோர்னியா. ‘பாஹா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் ‘கீழ்’ என்பது பொருள். ஆகவே, கீழ்க் கலிபோர்னியா என்று நாம் அதனைக் கூறலாம். அதன் நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மேற்கே பசிபிக் மாகடல். கிழக்கே கலிபோர்னியா வளைகுடா. இவ்வளைகுடாவுக்குக் கோர்ட்டெஸ் கடல் என்ற மற்றொரு பெயரும் உண்டு. மூன்று புறமும் நீர் சூழ, வடபுறத்தில் மட்டும் கண்டத்தோடு ஒட்டி நிற்பதால் இது ஒரு தீபகற்பமாகும். இன்று எந்தப் பள்ளி மாணவரும் ஒரு நொடியில் இதனைச் சொல்லிவிடுவர். ஆயினும், ஐரோப்பாவின் புகழ்பெற்ற தேசப்பட ஆசிரியர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இதனை ஒரு தீவு என்றே வரைந்து வந்தனர். அந்தப் பிழை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு நீங்கிற்று என்பதையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் அந்நிலத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். அது ஒரு பாலைக் கடற்கரை. வளைகுடாவை ஒட்டிய பல இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஓங்கி வளர்ந்த கள்ளி மரங்களும், முட்புதர்களும், செம்பாறை மலைகளும் கடலின் விளிம்பு வரை வந்து நிற்கின்றன. நிலத்திலோ உயிர் வறண்டு கிடக்கிறது. அதன் அருகிலேயே நீலக் கடலில் மீனும், திமிங்கிலமும், கடற்பறவையும் நிறைந்து கிடக்கின்றன. நீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் இருக்கிறது. குடிப்பதற்கு ஒரு குவளை நீர் கிடைப்பது அரிது. இந்த முரண்பாட்டை நினைவிற் கொண்டால்தான் அந்நாட்டின் வரலாறு விளங்கும்.

இக்காலத்தில் அங்குச் செல்வது எளிதாகிவிட்டது. தீபகற்பத்தின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை 1973-ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. படுக்கையும், அடுப்பும், தண்ணீர்த் தொட்டியும் உள்ளே அமைந்த பெரிய மோட்டார் வண்டிகளை, ஒரு வீட்டையே உடன் கொண்டு செல்வது போல, மக்கள் ஓட்டிச் செல்கின்றனர். கொன்செப்சியோன் குடாவிலும் தேவதைகள் குடாவிலும் கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தித் தங்குகின்றனர். வண்டியின் கூரை மேலிருந்து ‘கயாக்’ எனப்படும் மெல்லிய சிறு படகை இறக்கி, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் வலித்து, கரை ஓரமாகவே தீவுக்குத் தீவு செல்கின்றனர். கயாக் என்பது வடதுருவப் பகுதி மக்கள் விலங்குத் தோலைக் கொண்டு கட்டிய படகு. பனிக்கடலில் பிறந்த அப்படகு இன்று பாலைக் கரையில் மிதக்கிறது.

இவ்வாறு செல்வோர் இரண்டு விதிகளை மறவாமற் கடைப்பிடிக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் அளவிலாவது குடிநீர் கொண்டு செல்லுதல் ஒன்று. காற்று எழும்புமுன், விடியற்காலையிலேயே படகை வலித்து முடித்தல் மற்றொன்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் பெருங்காற்று நாட்கணக்கில் நில்லாமல் அடிப்பதுண்டு. இவ்விரு விதிகளும் இக்காலத்தவர் புதிதாகக் கண்டவை அல்ல. நான் கூறப்போகும் மனிதர்கள் அனைவரும் தண்ணீருக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டே இக்கரையில் நடமாடினர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். மெக்சிகோவை வென்ற ஸ்பானியர், மேற்குக் கடலுக்கு அப்பால் முத்து விளையும் நாடு ஒன்று உண்டு எனக் கேள்வியுற்றனர். 1533-ஆம் ஆண்டில் கலகம் செய்த மாலுமிகள் சிலர் முதன்முதலாக அங்குக் கரையிறங்கினர். 1535-ஆம் ஆண்டு மே மாதத்தில் எர்னான் கோர்ட்டெஸ் தாமே இன்றைய லா பாஸ் நகரம் உள்ள குடாவில் இறங்கி ஒரு குடியேற்றம் அமைத்தார். முத்து இருந்தது, ஆனால் சோறும் நீரும் இல்லை. குடியேற்றம் நிலைக்கவில்லை.

1539-ஆம் ஆண்டில் கோர்ட்டெஸ் அனுப்பிய பிரான்சிஸ்கோ தே உல்லோவா என்னும் மாலுமி வளைகுடாவின் வடமுனை வரை கப்பல் செலுத்திச் சென்றார். அங்கே கடல் முடிந்து நிலம் அடைத்து நிற்பதைக் கண்டார். பின்னர்த் திரும்பித் தென்முனையைச் சுற்றி, மேற்குக் கரை ஓரமாகவும் வடக்கே சென்றார். மறு ஆண்டு, 1540-இல், எர்னாண்டோ தே அலார்க்கோன் என்பவர் அதே வடமுனையை அடைந்து, அங்கு வந்து கலக்கும் கொலராடோ ஆற்றினுள் படகுகளில் எதிரேறிச் சென்றார். 1541-ஆம் ஆண்டில் தொமிங்கோ தெல் காஸ்டில்யோ வரைந்த படத்தில் கலிபோர்னியா தீபகற்பமாகவே காணப்படுகிறது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். உண்மை 1541-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது, படமும் வரையப்பட்டுவிட்டது. பின்னர் ஏன் பிழை நுழைந்தது?

கலிபோர்னியா என்ற பெயரே ஒரு கட்டுக்கதையிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்சி ரொத்ரிகெஸ் தே மொந்தால்வோ என்பவர் எழுதிய வீரக்கதை ஒன்றில், பெண்கள் மட்டுமே வாழும், பொன் மிகுந்த தீவு ஒன்றுக்குக் கலிபோர்னியா என்று பெயர். கதையைப் படித்தவர்கள் அப்பெயரை இந்நிலத்துக்கு இட்டனர். பெயரோடு தீவு என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது போலும்! 1602-ஆம் ஆண்டில் செபாஸ்தியான் விஸ்காயினோவின் கடற்பயணத்தில் உடன் சென்ற அந்தோனியோ தே லா அசென்சியோன் என்னும் துறவி, இது தீவே என்று பிற்காலத்தில் உறுதியாக எழுதினார். அவர் வளைகுடாவின் வடமுனையைக் கண்டவர் அல்லர். மேற்குக் கரை ஓரமாகச் சென்றவரே ஆவர். 1622-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஒரு நூலின் படத்திலும், 1625-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான ஹென்றி பிரிக்ஸின் படத்திலும் கலிபோர்னியா தீவாயிற்று. 1650-இல் பிரான்சின் நிக்கொலா சான்சோனும் அவ்வாறே வரைந்தார். ஒருவர் படத்தைப் பார்த்து மற்றொருவர் வரைந்தார். அவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் வரைந்தார். மேசையின் முன் அமர்ந்து படம் எழுதிய இவர்களுள் ஒருவரும் அக்கரையை மிதித்தவர் அல்லர்.

பல்லாண்டுகள் வகுப்பறையில் பூகோளமும் சரித்திரமும் கற்பித்தவன் நான். பக்கத்து மாணவனின் விடைத்தாளைப் பார்த்து எழுதும் மாணவன், அவ்விடையிலுள்ள பிழையையும் சேர்த்தே எழுதுவான் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் அறிவர். பெரிய படங்களைத் தீட்டிய பெரியோர்க்கும் இதுவே நேர்ந்தது.

இப்பிழையை அசைத்தவர் எவுசேபியோ கீனோ என்னும் இயேசு சபைப் பாதிரியார். இத்தாலியின் வடபகுதியில் 1645-ஆம் ஆண்டில் பிறந்தவர். கணிதமும் வானநூலும் கற்றவர். கிழக்கு நாடுகளுக்குச் செல்லவே அவர் விரும்பினார்; ஆயினும் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். நம் தமிழகத்துக்கு வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அதே சபையினர், அதே வட இத்தாலியினர் என்பது நினைவுகொள்ளத்தக்கது. கீனோ 1683-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்குச் சென்றார். உணவும் நீரும் போதாமையால் இரண்டாண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அப்போது பசிபிக் கரையில் நீல நிறம் மின்னும் ஒருவகைச் சிப்பிகளை அவர் கண்டிருந்தார்.

பின்னர், 1699-ஆம் ஆண்டில், வளைகுடாவுக்குக் கிழக்கேயுள்ள பாலையில் கீனோ பயணம் செய்தபோது, அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் அவருக்குச் சில நீலச் சிப்பிகளைப் பரிசாக அளித்தனர். அவர் வியப்புற்றார். அவ்வகைச் சிப்பி வளைகுடாவில் கிடைப்பதில்லை; பசிபிக் கரையிலேயே கிடைக்கும். பெருங்கடலைக் கடக்கும் கப்பல் இல்லாத இம்மக்களின் கைக்கு அது வந்தது எவ்வாறு? தரைவழி ஒன்று இருந்தால் அன்றோ, கை மாறிக் கை மாறி அது வந்து சேரும்? ஒரு சிப்பியிலிருந்து ஒரு கண்டத்தின் வடிவத்தை அவர் ஊகித்தார். ஊகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1701-ஆம் ஆண்டில் கொலராடோ ஆற்றைக் கடந்தார்; 1702-இல் அதன் முகத்துவாரத்தை அடைந்தார். கலிபோர்னியாவுக்குத் தரைவழி உண்டு என்பதைக் காட்டும் படம் ஒன்றையும் வரைந்து வெளியிட்டார்.

எனினும், நெடுநாட்பட்ட பிழை எளிதில் இறப்பதில்லை. ஐயுற்றோர் பின்னும் இருந்தனர். 1721-ஆம் ஆண்டில் ஹுவான் தே உகார்த்தே பாதிரியார், அத்தீபகற்பத்து மலைகளிலேயே மரம் வெட்டிக் கட்டிய கப்பலில் வளைகுடாவின் வடமுனை வரை சென்று திரும்பினார். இறுதியாக, குரோவேசிய நாட்டில் பிறந்த பெர்னாண்டோ கொன்சாக் பாதிரியார் 1746-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நான்கு சிறு படகுகளில் புறப்பட்டார். கரையை விட்டு அகலாமல், குடாவுக்குக் குடா நுழைந்து, நல்ல நீர் எங்குண்டு, தங்கும் இடம் எங்குண்டு என்று குறித்துக்கொண்டே கொலராடோவின் முகத்துவாரம் வரை சென்றார். அங்கே கடல் ஓதம் 6 மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்கும். ஆற்று நீரும் கடல் நீரும் மோதிக்கொள்ளும். அத்தகைய இடத்தில் சிறு படகில் சென்றோரின் துணிவை என்னென்பது! கரை எங்கும் அறுபடவில்லை என்பதை அவர் கண்டுவந்தார். அடுத்த ஆண்டு, 1747-இல், கலிபோர்னியா தீவு அன்று என்று ஸ்பெயின் மன்னர் ஆறாம் பெர்டினாந்து அரசாணை பிறப்பித்தார்.

இக்கதையில் நாம் பெரும்பாலும் மறந்துவிடும் மாந்தர் சிலர் உளர். அந்நிலத்தின் பழங்குடி மக்களே அவர்கள். தெற்கே பெரிக்கு, நடுவே குவாய்க்குரா, வடக்கே கொச்சிமி எனப் பல இனத்தார் அங்கு வாழ்ந்தனர். பெரிக்கு மக்கள், நம் பரதவரின் கட்டுமரம் போன்றே, சில மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைகளில், இருமுனைத் துடுப்பால் வலித்துக் கடல்மேற் சென்றனர். எதிர்க்கரையில் வாழ்ந்த செரி மக்கள் நாணற்கட்டுகளால் படகு செய்தனர். நடு மலைத்தொடரின் குகைகளில் மனிதரையும் மானையும் ஆளுயரத்துக்கு மேலாகத் தீட்டிய பழங்கால ஓவியங்கள் உள்ளன. அவை 1993-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன. ஊற்று எங்குள்ளது, வழி எங்குள்ளது என்பதை இம்மக்கள் அறிவர். கலிபோர்னியா தீவா அன்றா என்று ஐரோப்பியர் வாதிட்டபோது, நீலச் சிப்பியைக் கண்டத்தின் உள்ளே கொண்டு சென்றவர்கள் விடையைக் கையிலேயே வைத்திருந்தனர்.

அவர்கள் கதி என்னவாயிற்று? 1697-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சால்வாத்தியேரா பாதிரியார் லொரேத்தோவில் முதல் நிலையான மடத்தை நிறுவினார். அதன்பின் எழுபது ஆண்டுகள் மடங்கள் பெருகின. மடங்களோடு பெரியம்மையும் தட்டம்மையும் வந்தன. அந்நோய்களை எதிர்க்கும் வலிமை அம்மக்களின் உடலில் இல்லை. தொடக்கத்தில் 40,000 அளவில் இருந்ததாக ஆராய்ச்சியாளர் மதிப்பிடும் மக்கள்தொகை, இயேசு சபையார் வெளியேற்றப்பட்ட 1768-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 7,000 ஆகக் குறைந்துவிட்டது. பெரிக்கு மொழியைப் பேசுவார் இன்று ஒருவரும் இலர். ஒரு நிலத்தின் வடிவம் படத்தில் திருத்தம் பெற்ற அதே காலத்தில், அந்நிலத்தை நன்கு அறிந்திருந்தோர் அழிந்தனர். சரித்திரம் படிப்போர் வெற்றிக் கணக்கோடு இந்த இழப்புக் கணக்கையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

கொன்சாக் பாதிரியாரைப் போலவே கரை ஓரமாகச் சென்று கற்றவர்கள் அண்மைக் காலத்திலும் உண்டு. 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும் கடல்வாழ் உயிரியல் அறிஞர் எட் ரிக்கெட்சும் ‘வெஸ்டர்ன் பிளையர்’ என்னும் மீன்பிடி படகில் இவ்வளைகுடாவுக்குச் சென்றனர். ஓதம் வடிந்த பாறைகளில் குனிந்து, நண்டையும் நட்சத்திர மீனையும் சேகரித்து, ஒவ்வொன்றையும் ஆராய்ந்தனர். அப்பயணத்தின் நூல் 1941-இல் வெளிவந்தது.

இன்று கயாக்கில் செல்லும் பயணிக்கும் இவ்வாய்ப்பு உண்டு. விரைந்து பறக்கும் விமானத்திலிருந்து காண்பவர்க்குக் கரை ஒரு கோடாகத் தெரியும். கையால் துடுப்பு வலிப்பவர்க்கோ ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு செய்தி சொல்லும்.

மாணவர்களே! பழங்காலத்தவரின் பிழை கண்டு நாம் நகைத்துவிட்டுப் போதல் தகாது. உங்கள் தேசப்படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கொலராடோ ஆறு ஒரு நீலக் கோடாக இறங்கி வளைகுடாவில் கலப்பது போல அதில் வரைந்திருக்கும். 1930-களில் ஹூவர் அணையும், 1963-இல் கிளென் கேன்யன் அணையும் எழுந்தன; அணை நீரும் கால்வாய் நீரும் நகரங்களுக்கும் வயல்களுக்கும் சென்றன. அலார்க்கோன் எதிரேறிச் சென்ற அவ்வாறு, இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் கடலை எட்டுவதே இல்லை. 2014-ஆம் ஆண்டில் இரு நாட்டு அரசுகளும் உடன்பட்டு நீரைத் திறந்துவிட்டபோது, சிறிது காலம் ஆறு மீண்டும் கடலைத் தொட்டது. அதே வடமுனையில் வாழும் வக்கீட்டா என்னும் சிறு கடற்பன்றி, மீனவர் வலைகளில் சிக்கி மடிந்து, இப்போது ஏறத்தாழப் பத்தே எஞ்சியுள்ளது.

ஆகவே படத்தில் உள்ள நீலக் கோட்டைக் கண்டு, அங்கே நீர் ஓடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் படத்தைக் கண்டாலும், எந்த நூலைப் படித்தாலும், இதனை நேரிற் சென்று கண்டவர் யார், எப்போது கண்டார், அங்கு வாழ்வோர் என்ன கூறுகின்றனர் என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கீனோ பாதிரியார் ஒரு சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகளும் இவையே.