சேப்பாக்கத்தில் போன ஒரு ரன்

உலகக் கோப்பையை ஒரு முறை வெல்வதே பெரிய விஷயம். அடுத்த முறையும் தக்க வைப்பது அதைவிடப் பெரும்பாடு! கால்பந்தில் 2022 வரை இதைச் சாதித்தவை இரண்டே நாடுகள்: இத்தாலி (1934, 1938), பிரேசில் (1958, 1962). பிரான்ஸ் 2002-லும், ஸ்பெயின் 2014-லும், ஜெர்மனி 2018-லும் நடப்புச் சாம்பியனாகப் போய், முதல் சுற்றிலேயே மூட்டை கட்டின.

நமக்கும் இந்தச் சோதனை வந்தது, கிரிக்கெட்டில். 1983-ல் கோப்பையை வென்ற கபில்தேவ் அணி, 1987-ல் சொந்த மண்ணில் அதைக் காக்க இறங்கியது. முதல் ஆட்டமே நம்ம சேப்பாக்கத்தில்தான். அக்டோபர் 9, எதிரணி ஆஸ்திரேலியா.

டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவர் நான்கு ரன் கொடுத்தார். ஆஸ்திரேலியர்கள் அது சிக்ஸர் என்றார்கள். அவர்கள் ஆடி முடித்தபோது ஸ்கோர் 268. இடைவேளையில் மீண்டும் முறையிட்டார்கள். கபில்தேவ் ஒப்புக்கொண்டார். ஸ்கோர் 270 ஆனது!

பிறகு நாம் ஆடினோம். நம்ம ஸ்ரீகாந்த் 70, சித்து 73. இரண்டு விக்கெட்டுக்கு 207 வரை போய்விட்டு, அப்புறம் சரிந்தோம். ஒரு பந்து மீதி இருக்கும்போது மனிந்தர் சிங் அவுட். மொத்தம் 269. ஒரு ரன்னில் தோல்வி...

எங்கள் சேந்தமங்கலத்தில் அந்த ஆட்டத்தை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள், "கபில் ரெண்டு ரன்னைத் தூக்கிக் குடுத்துட்டாருப்பா" என்று இன்றும் அலுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கோப்பை அந்த இரண்டு ரன்னாலா போனது? இல்லை. மீதி ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்று, பிரிவில் முதலிடம் பிடித்தோம். கோப்பை கைவிட்டுப் போனது நவம்பர் 5-ல், பம்பாய் அரையிறுதியில். இங்கிலாந்தின் கூச் ஸ்வீப் அடித்தே 115 எடுத்தார். நாம் 35 ரன்னில் தோற்றோம். 2011-ல் வென்ற கோப்பையும் 2015 அரையிறுதியில்தான் போனது.

கணக்குப்பதிவியலில் 'பிழைத்திருத்தம்' என்று ஒரு பாடம் உண்டு. தவறு தெரிந்துவிட்டால், திருத்துவதால் லாபம் குறைந்தாலும் திருத்தியே ஆக வேண்டும். கபில்தேவ் செய்தது அதைத்தான். அவர் மறுத்திருந்தால் 269 ரன்னே வெற்றிக்குப் போதும். ஆனால் அப்படி வந்த வெற்றியைச் சாம்பியனின் வெற்றி என்று நம்மால் சொல்லிக்கொள்ள முடியுமா?