இடுப்பு மூட்டு மாற்றியபின் ஒரு கால் நீளமாகத் தோன்றினால்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு கால் நீண்டுவிட்டதுபோல் பலர் உணர்வதுண்டு. பெரும்பாலோருக்கு இது சில மாதங்களில் சரியாகிவிடும். அதற்குள் அவசரப்பட்டுக் காலணியை உயர்த்தத் தேவையில்லை.

இருவகை வேறுபாடு

முதல் வகையில் எலும்பின் நீளம் உண்மையாகவே மாறியிருக்கும். புதிய மூட்டு நழுவாமல் இருக்க, சுற்றியுள்ள தசைகள் போதிய இறுக்கத்துடன் அமைய வேண்டும். அதற்காகக் கால் சற்று நீள நேரிடலாம். இரண்டாம் வகையில் கால்கள் சமமாகவே இருக்கும். பல ஆண்டு மூட்டு வலியால் இறுகிய தசைகளும் சாய்ந்த இடுப்பெலும்பும் நீளம்போல் காட்டும். தசைகள் தளரத் தளர இந்த உணர்வு குறையும்.

நிற்கும்போது ஒரு பாதத்தின்கீழ் வெவ்வேறு உயரப் பலகைகளை வைத்தும், எக்ஸ்ரே எடுத்தும் மருத்துவர்கள் வேறுபாட்டை அளக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான வேறுபாட்டைப் பலரும் உணர்வதில்லை.

சிகிச்சை

முதலில் இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் நீட்சிப் பயிற்சிகளும் நடைப்பயிற்சியும். சில மாதங்களுக்குப் பின்னும் வேறுபாடு தொல்லை தந்தால், குட்டையான காலின் காலணிக்குள் மெத்தை வைக்கலாம். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் குதிகால் காலணியிலிருந்து வெளியேறும். அப்போது அடிப்பாகத்தையே உயர்த்த வேண்டும். முழு வேறுபாட்டையும் ஒரேயடியாக ஈடுசெய்யாமல், சிறிது சிறிதாக உயர்த்துவதே நல்லது. மறு அறுவை சிகிச்சை அரிது.

வாசலிலேயே காலணியைக் கழற்றும் நம் வீடுகளில் மெத்தையும் வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்குள் அணிய, அதே உயரமுள்ள, பின்பட்டையுடன் கூடிய காலணி ஒன்று தேவை.

வெளியில் கவனம்

ஜாலான் புசார் வட்டாரத்தின் பழைய கடைவீடுகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதைகள் பல இடங்களில் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. நடை சீராகும்வரை கைத்தடியுடன் செல்வது பாதுகாப்பானது.

எப்போது தாமதிக்கக்கூடாது?

திடீரெனக் கடும் வலியுடன் கால் குட்டையானாலோ, ஊன்ற முடியாமல் போனாலோ மூட்டு நழுவியிருக்கலாம். உடனே 995 எண்ணை அழைக்க வேண்டும். பாதம் மரத்துப்போனாலோ, மேல்நோக்கித் தூக்க முடியாவிட்டாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவமனையை நாட வேண்டும்.